மாமாவின் பந்து வலப்பக்கம் போகும்

என் அக்கா வீட்டுக்காரரை அவருடைய கம்பெனியில் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமான கட்டிடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "பல்லி கீழ விழுந்து நீ பாத்திருக்கியா?" என்று பெருமையாகக் கேட்பார். "நேத்துகூட எங்க வீட்டு டியூப்லைட்டுலேருந்து ஒண்ணு விழுந்துச்சு மாமா" என்று நான் சொன்னால் அக்கா என்னைப் பார்வையாலேயே எரித்துவிடுவாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மச்சினிக்கு இல்லாத வாய் பிறகு யாருக்கு இருக்கும்?

தரையில் மாமா ரொம்ப சாது. பஸ் வந்தால் எல்லாரும் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்று, கடைசியில் பஸ்ஸையே விட்டுவிடுவார். கடைக்குப் போனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் வாங்கிக்கொண்டு போவார்கள். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கயிற்றில் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு என்று அவருடைய கூட்டாளி சொல்வார். கூட்டாளி என்றால் பக்கத்துக் கயிற்றில் தொங்குகிறவர். ஒரு குட்டிப் பலகையில் உட்கார்ந்து, இடுப்பில் பட்டியை மாட்டி, கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் கோப்பையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வைப்பரை ஒரே இழுப்பாக இழுப்பார். சோப்பு நுரை விலகின இடத்தில் ஒரு மேகம் வந்து நிற்கும். "நான் கண்ணாடி தொடைக்கல. மேகத்துக்கு வழி விடறேன்" என்று ஒரு நாள் சொன்னார். எப்போதாவது இப்படி ஏதாவது சொல்லிவிட்டு அப்புறம் ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்.

உள்ளே இருப்பவர்களுக்கு அவர் கண்ணிலேயே படமாட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தொங்குகிறார் என்பது சற்று நேரத்தில் மறந்துவிடுமாம். அதனால் மாமா பார்க்காத காட்சி இல்லை. மீட்டிங் அறையில் பெரியவர் பேசப் பேச மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். மீசை வைத்த ஒரு மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக ஆடுவார். ஒரு பெண் மீன்தொட்டியிடம் உதடசைத்து என்னவோ சொல்லி அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துச் சிரிப்பாள். ஒரு சத்தமும் கேட்காமல் மாடி மாடியாக இதையெல்லாம் கடந்து மாமா கீழே வருவார். வீட்டில் அவர் இதைச் சொல்லும்போது கண் பாதி மூடியிருக்கும். கேட்கிற எனக்கும் உடம்பு லேசாகிவிடும், நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேனா என்று சந்தேகம் வரும்.

என் அக்காவையும் அவர் கண்ணாடி வழியாகத்தான் பிடித்தார். அவள் அப்போது ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தாள். மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு ஆள். படாரென்று திரையை இழுத்துவிட்டாள். மறுபடி திறந்தபோது ஆள் இல்லை. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்ததாம், அவ்வளவு சுத்தம். சாயங்காலம் வாசலில் வாளியோடு நின்று மன்னிப்புக் கேட்டார். "மன்னிப்புக் கேக்க வந்த மனுஷன் அப்புறம் போகவே இல்லடி" என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

கல்யாணமான புதிதில் அந்த உயரம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் பெருங்காற்று அடித்தபோது, கட்டிடத்தின் மூலையில் அவர் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்ததைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்துவிட்டாள். பெருமை அன்றோடு போயிற்று. "போதுங்க, எறங்கிடுங்க" என்று ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. கம்பெனியும் கீழே நின்று மேற்பார்வை பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னது. மாமா அசைந்து கொடுக்கவில்லை. "கீழ நான் யாரு? எல்லாரும் இடிச்சிட்டுப் போறாங்க. மேல போனாத்தான் நான் ஒருத்தன் இருக்கேன்னு எனக்கே தெரியுது" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. அந்த உயரம்தான் அவருக்கு உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று அவர் நம்பினார், எனக்கும் அப்படித்தான் பட்டது.

இந்த மனிதருக்குக் கோல்ஃப் எங்கிருந்து வந்தது? நான் வேலை பார்ப்பது கோல்ஃப் பயிற்சித் திடல் ஒன்றில். பெரிய மனிதர்கள் தொப்பி போட்டுக்கொண்டு உலாவும் பச்சை மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்று பக்கமும் உயரமான வலை கட்டின ஒரு நீளப் புல்தரை, அவ்வளவுதான். ஒரு கோடியில் தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் புல் விரிப்புகள். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு கூடைப் பந்தை வாங்கி, தூரத்துக் கொடிகளைப் பார்த்து அடித்துத் தள்ளிவிட்டு, மேலதிகாரியையே அடித்த நிம்மதியோடு வீட்டுக்குப் போவார்கள். கவுண்டரில் நின்று கூடையை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

ஒரு நாள் மாமா என்னிடம் கேட்டார். "டிப்போவுக்குப் பின்னாடி சாயங்காலமானா வெள்ளைக் குருவிங்க எழும்புதே, அது என்ன குருவி? மேலேருந்து பாத்தா ஒண்ணு பின்னாடி ஒண்ணா எழும்புது. ஒண்ணுகூடத் திரும்பி வர மாட்டேங்குது."

"மாமா, அது குருவி இல்ல, கோல்ஃப் பந்து. அந்தக் குருவிங்களைக் கூடையில அள்ளிக் குடுக்கறவளே நான்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. நேரில் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல் ஒரு பந்து அடித்துப் பார்த்தார். அந்தப் பந்து கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பியது. பாதி வழியில் என்ன ஞாபகம் வந்ததோ, வலப்பக்கம் வளைந்து, இன்னும் வளைந்து, ஓரத்து வலையில் போய்ப் பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தினமும் வந்தார்.

கோல்ஃப் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. ஸ்லைஸ் என்பார்கள். இதற்கு எல்லாரும் தாங்களாகவே செய்துகொள்ளும் வைத்தியம்தான் வேடிக்கை. பந்து வலப்பக்கம் போகிறதா, சரி, இடப்பக்கம் திரும்பி நின்று அடிப்போம் என்பார்கள். அப்படி நின்றால் மட்டை இன்னும் குறுக்காக வரும், பந்து இன்னும் அதிகமாக வளையும். மாமாவும் நாளுக்கு நாள் இடப்பக்கம் திரும்பித் திரும்பி, கடைசியில் அந்தப் பக்கத்து விரிப்பில் இருந்தவரையே குறிவைத்த மாதிரி நின்றார். அந்த மனிதர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். நான் மாமாவை இடது ஓரத்துக் கடைசி விரிப்புக்குத் தள்ளினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மேலேருந்து பாக்கறப்ப எல்லாமே நேராத்தானே போச்சு. என்னுது ஒண்ணாவது நேரா போய்ப் பாக்கணும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு எனக்குக் கிண்டல் வரவில்லை.

எங்கள் கோச் ஒரு இளம்பெண். பல்லிடுக்கில் விசிலடித்துக்கொண்டே நடப்பதால் அவளுக்கு விசில் என்று பெயர். ஒரு நாள் அவள் மாமாவின் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். விசில் நின்றது.

"அண்ணா, நீங்க பந்தை அடிக்கல. தொடைக்கிறீங்க" என்றாள்.

"ஆமா கோச்சம்மா. அதானே என் வேலை" என்றார் மாமா.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. செய்துகாட்டச் சொன்னாள். மாமா காற்றில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வெளியே எட்டி, வைப்பரைத் தன் பக்கமாகக் குறுக்கே இழுத்தார். விசில் கைகொட்டிச் சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வருகிறது. பிடி இவ்வளவு இறுக்கமாக இருந்தால் மணிக்கட்டு திரும்பாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பின் எடை முழுக்கப் பின்னங்காலிலேயே, அதாவது வலது காலிலேயே நிற்கிறது. அடித்து முடிக்கும்போது இடுப்பு திரும்பி, எடை மொத்தமும் இடது காலுக்கு வந்துவிட வேண்டும்.

"எடையை ஒரு பக்கமா விடறதா?" மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. பலகையில் உட்காருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைச் செய்யாதே என்பதுதான். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பலகை சரியும், ஆள் சுற்றுவான்.

"இங்க பலகை இல்ல அண்ணா. தரைதான். விழ மாட்டீங்க, தைரியமா விடுங்க" என்றாள் விசில். பிறகு அவருடைய ஷூவில் ஒன்றைக் கழற்றச் சொல்லி, பந்துக்கு அந்தப் பக்கம், சற்றுப் பின்னால் தள்ளி வைத்தாள். மட்டை குறுக்காக வந்தால் ஷூவில் படும், உள்ளிருந்து வந்தால் பந்தில் மட்டும் படும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஷூ மட்டும் கிளம்பிக் கொடியைப் பார்க்கப் போயிற்று. அதுவரை அவர் அடித்ததிலேயே நேராகப் போனது அந்த ஷூதான். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் இருந்த கூடைகள் சரிந்தன.

அப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சாயங்கால வெயில், விளக்குகள் ஒவ்வொன்றாகப் பூக்கும் நேரம், ஒற்றை ஷூவோடு மாமா. "தூங்கற குழந்தையோட கையைப் பிடிக்கற மாதிரி பிடிங்க" என்று விசில் சொல்லிக்கொண்டே இருப்பாள். வீட்டில் குடையை வைத்துக்கொண்டு பழகினார். குளிக்கப் போனால் குளியலறையில் பழகினார். "தூக்கத்துலகூட இடுப்பைத் திருப்பறாருடி. நான் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டுப் படுக்கறேன்" என்று அக்கா சொல்லிச் சிரித்தாள். ஷூ கொஞ்சம் கொஞ்சமாகப் பறப்பதை நிறுத்தியது.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். புல்லின் மேல் ஈரப்புகை நின்றது. மாமா மட்டையைத் தூக்கினது எனக்குத் தெரியும், இறக்கினது தெரியவில்லை. சத்தமே வித்தியாசமாக இருந்தது, ஒரு சின்னச் சொடக்கு மாதிரி. பந்து எழும்பியது. வளையும் இடம் வந்தது, வளையவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது. விளக்கு வெளிச்சத்தைத் தாண்டிப் போய், கொஞ்ச நேரம் இல்லாமலேயே போய், மறுபடி தெரிந்து, நடுக்கொடிக்குப் பக்கத்தில் மெல்ல இறங்கியது. மாமா அப்படியே இடது காலில் நின்றுகொண்டிருந்தார்.

"கையில ஒண்ணுமே தெரியல. நான் அடிச்ச மாதிரியே இல்ல" என்றார் என்னிடம். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அதற்கப்புறம் அவர் பந்து எதுவும் வளையவில்லை.

சில நாள் கழித்து மாமா திடலுக்கு வருவதை நிறுத்தினார். வேலை அதிகம் போல என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு மத்தியானம், வேலை நேரத்தில், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். என்ன ஏது என்று கேட்டேன்.

"வைப்பரை இழுத்து முடிச்சேன். இடுப்பு தானா திரும்பிடுச்சு. எடை போயிடுச்சு இடது பக்கம். கோப்பையை லேசாப் பிடிச்சிருந்தேன் போல, அதுவும் விட்டுடுச்சு. சுவரை விட்டு அப்படியே வெளிய போயிட்டேன்."

"பயமா இல்லையா மாமா?"

"இல்ல. அதான் பயமா இருக்கு" என்றார். "ஊரே மெதுவா சுத்துச்சு. முதுகுக்குப் பின்னாடி கட்டிடமே இல்ல. சொகமா இருந்துச்சு. திரும்பி வர்றப்ப கூட்டாளி மேல மோதிட்டேன்."

பட்டி இருந்ததால் கீழே விழவில்லை. ஆனால் மறுநாளும் அதே நடந்தது. அதற்கு மறுநாளும். கூட்டாளியின் தோள்பட்டை கன்றிப்போய்விட்டது. அவர் நல்ல மனிதர், கூச்சல் போடவில்லை. "திங்கக்கிழமை பெரிய டவர் ஆரம்பிக்குது. அதுக்குள்ள சரியாகலேன்னா நானே ஆபீஸ்ல சொல்லிடுவேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லியிருந்தார். சொன்னால் மாமாவை இனிக் கயிற்றில் ஏற்ற மாட்டார்கள்.

"கோல்ஃபை விட்டுடுங்க மாமா, தானா சரியாயிடும்" என்றேன்.

"விட்டுட்டேனே. மட்டையைத் தொட்டே நாளாச்சு. உடம்பு விட மாட்டேங்குது. நீ கோச்சம்மாவைக் கூப்பிடு. எனக்குப் பந்து பழையபடி வலது பக்கம் போகணும். அப்பத்தான் உடம்பு பழையபடி பலகைக்குத் திரும்பும்."

நேராக அடிக்கச் சொல்லித்தாருங்கள் என்று வந்தவர்களைத்தான் விசில் பார்த்திருக்கிறாள். கோணலாக அடிக்கச் சொல்லித்தாருங்கள் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. முதலில் வேடிக்கை என்று நினைத்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது, தான்தான் கெடுத்துவிட்டோம் என்று. தினமும் மற்ற வகுப்புகளைத் தள்ளிவைத்து அவரோடு நின்றாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். எடையைப் பின்னாலேயே வைக்கச் சொன்னாள். "தொடைங்க அண்ணா, சும்மா தொடைங்க" என்று கெஞ்சினாள். மாமா எல்லாவற்றையும் செய்தார். மட்டை இறங்கும் கடைசிக் கணத்தில் உடம்பு தானாகத் தன் புது வழியில் போயிற்று. பந்து நேராகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் அதிகம். மாமாவின் ஒவ்வொரு பந்தும் நூல் பிடித்தாற்போல் போவதைப் பார்த்துப் பக்கத்து விரிப்புகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். "கலக்கறீங்க சார்!" என்று ஒருவர் கத்தினார். மாமா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு பந்தை எடுத்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். நாலைந்து நாளாக வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத மனிதரைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

"நல்லாத்தானே போகுது? ஏன்டி அவரு அழுதுக்கிட்டே அடிக்கறாரு?" என்று கேட்டாள்.

யாரிடமும் சொல்லாதே என்று மாமா சொல்லியிருந்தார். நான் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் அதில் ஒரு வெளிச்சம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வராமல் எப்படி இருக்கும்? எத்தனை வருட ஏக்கம். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், கவுண்டரில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றிருந்தால் போதும். விடிந்தால் அவள் புருஷன் தரையில் இருப்பார்.

அக்கா விறுவிறுவென்று விரிப்புக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் மாமாவின் இரண்டு கையையும் மட்டையோடு சேர்த்துப் பிடித்து, விரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

"இப்படித்தானே பிடிப்பீங்க மேல? இறுக்கிப் பிடிங்க. விடாதீங்க."

மாமா அவளைப் பார்த்தார். "நீதானே எறங்கச் சொன்னே?"

"சொன்னேன். நீங்களா எறங்கணும்னு சொன்னேன். இப்படி யாரோ புடிச்சுத் தள்ளின மாதிரி இல்ல." அவருடைய பின்னங்கால் மேல் தன் காலை வைத்து அழுத்தினாள். "இங்கேயே நில்லுங்க. எடை இங்கேயே இருக்கட்டும். எங்கயும் போகக் கூடாது." பிறகு கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள்.

வரிசையில் இருந்தவர்கள் மட்டையைத் தாழ்த்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள். டிப்போவில் ஒரு பஸ் உறுமிவிட்டு நின்றது. மாமா பற்களைக் கடித்துக்கொண்டு அடித்தார். அந்தப் பந்தை நான் இப்போதும் பார்க்கிறேன். அவசரமே இல்லாமல் எழும்பி, இருட்டும் வெளிச்சமும் கலந்த வானத்தில் வளைய இடம் இருந்தும் வளையாமல், கடைசிக் கொடிக்கு நேர் மேலே போய் இறங்கியது. யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாமா மட்டையை விரிப்பின் மேல் மெதுவாகப் படுக்கவைத்தார்.

"எறங்கிட்டேம்மா" என்றார்.

வருடக்கணக்காக அந்த ஒரு சொல்லைக் கேட்கத் தவம் கிடந்தவள் என் அக்கா. அவள் குனிந்து மட்டையை எடுத்து மறுபடியும் அவர் கையில் திணித்தாள். கூடையில் கைவிட்டு ஒரு பந்தை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"இன்னொரு தடவை அடிங்க" என்றாள். "இது வலது பக்கம் போகும்."